சலவைக்கூடத்தின் பூதக்கண்ணாடி

வெள்ளைப் படுக்கை விரிப்பைப் பார்த்தால் மற்றவர்களுக்கு வெள்ளைதான் தெரியும். அவளுக்கு அதிலுள்ள ஓட்டை தெரியும், கறை தெரியும், ஓட்டையை மறைக்க யாரோ அவசரமாகப் போட்ட மடிப்பும் தெரியும். ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துக்கொடுக்கும் பெரிய சலவைக்கூடம் அது. அவளையும் சேர்த்து இருபது பேர் வேலை செய்தார்கள். துவைத்து, உலர்த்தி, சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு இஸ்திரி போட்ட ஒவ்வொரு விரிப்பும் கடைசியில் அவள் மேஜைக்கு வந்தாக வேண்டும். கண்ணாடிப் பலகைக்கு அடியில் விளக்கு எரியும் மேஜை. அதில் விரித்து வெளிச்சத்தில் பார்ப்பாள். தேறியது மடிக்கப் போகும், கிழிந்தது தையல்காரியிடம் போகும், கறை போகாதது வந்த வழியே திரும்பிப் போகும். இருபத்தாறு வருஷம் இதையே செய்ததில் பூதக்கண்ணாடி என்று பெயர் வந்துவிட்டது. முகத்துக்கு நேரே 'அக்கா', முதுகுக்குப் பின்னால் பூதக்கண்ணாடி. அதுவும் அவளுக்குத் தெரியும்.

சந்தேகம் அவளுக்குப் பிறவிக் குணம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அழுக்குத்துணி மூட்டை ஒன்றைக் காட்டி, உடன் வேலை செய்தவள், "நான் பாத்துட்டேன், உள்ள ஒண்ணுமில்ல" என்றாள். அவள் வார்த்தையை நம்பி இவள் கையெழுத்துப் போட்டாள். மூட்டைக்குள் ஆபரேஷன் கத்தரிக்கோல் ஒன்று கிடந்திருக்கிறது. அது துவைக்கும் மெஷினின் வயிற்றைக் கிழித்துவிட்டது. நாலு நாள் கூடமே நின்றுபோயிற்று. சொன்னவள், "நான் எப்ப சொன்னேன்?" என்று கண்ணைக்கூடச் சிமிட்டாமல் கேட்டாள். கையெழுத்து இவளுடையது ஆயிற்றே! மூன்று வாரம் வீட்டில் உட்கார வைத்தார்கள். திரும்பி வந்தவள் அடுத்தவர் கட்டிய முடிச்சை அவிழ்க்காமல் விட்டதில்லை. அப்படி அவிழ்த்ததில் ஊசிகளும் உடைந்த கண்ணாடிச் சில்லுகளும் எத்தனையோ அகப்பட்டன. எத்தனை பேருடைய விரல் தப்பியது என்பதற்குக் கணக்கில்லை.

முதலாளி இறந்தபோது வாரிசுகள் யாருக்கும் ஊரார் அழுக்கை வெளுக்கும் ஆசை இல்லை. கூடத்தை வேலைக்காரர்கள் கையிலேயே ஒப்படைத்துவிட்டார்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை தங்களுக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

முதலில் வந்தவர் துவைக்கும் பகுதியின் மேஸ்திரி. எட்டு மெஷின்கள் ஓடும் இரைச்சலைத் தாண்டி அவர் குரல் கேட்கும் என்பதால் அவருக்குச் சைரன் என்று பெயர். ஒரு தும்மல் போடும் நேரத்தில் முடிவெடுப்பார், அடுத்த தும்மலுக்குள் அது நடந்தாக வேண்டும். ஒரு சமயம் ஒரு பெண்ணின் சட்டைக்கை நுனி உருளையில் சிக்கியது. என்ன ஏது என்று மற்றவர்கள் புரிந்துகொள்வதற்குள் மெஷினை நிறுத்தி, அவளை வெளியே இழுத்து, தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மறுநாள் அதே பெண்ணை, "தொளதொளன்னு சட்டை போட்டுட்டு யாரு வரச் சொன்னா?" என்று அவள் அழும்வரை திட்டித் தீர்த்தார். பூதக்கண்ணாடிக்கு அவரைப் பிடிக்காது. ஆனால் அவரிடம் ஒரு சௌகரியம் இருந்தது. மனசில் வருவது அப்படியே வாயில் வந்துவிடும். சந்தேகப்பட மிச்சம் ஒன்றும் இருக்காது.

ஆறு வருஷம் காது வலித்த பிறகு ஜனங்கள் வேன் ஓட்டியவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் எதைச் சொன்னாலும் கடைசியில் "சரிதானே?" என்பார், ஆகவே அதுவே பெயராயிற்று. சரிதானே வந்ததும் அதட்டல் நின்றது. மாதம் ஒரு கூட்டம் வந்தது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, எல்லோருக்கும் தேநீர் கொடுத்து, "உங்க அபிப்பிராயம் என்ன?" என்று கேட்பார். ஜன்னலுக்கு வலை அடிப்பதா வேண்டாமா என்பதைக்கூடக் கேட்டுத்தான் செய்தார். கேட்டதும் இருபது கைகளும் ஒன்றாக மேலே போகும்.

அங்கேதான் அவளுக்கு உறுத்தியது. மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் இருபது பேரும் இருபது பதில் சொல்கிறவர்கள். இவர்கள் கை மட்டும் எப்படி ஒரே அளவில், ஒரே நேரத்தில், இஸ்திரி போட்டு அடுக்கின மாதிரி உயர்கிறது? ஒரு கூட்டத்தில் அவளும் கையை உயர்த்திவிட்டு, அந்தக் கையை அண்ணாந்து பார்த்தாள். யார் சொல்லி இது மேலே போயிற்று என்று அவளுக்கே விளங்கவில்லை.

சரிதானே தலைவரான இரண்டாம் வருஷம், மழைக்காலத்தில் ஒரு நாள், அறியாத ஆள் ஒருவன் கூடத்துக்கு வந்தான். மடிக்கும் மேஜைகளைச் சுற்றி இஞ்ச் டேப் பிடித்து அளந்தான். மடிக்கும் பெண்கள் நாலு பேரும் கவனிக்காத மாதிரி மடித்துக்கொண்டிருந்தார்கள். பூதக்கண்ணாடி எழுந்து சரிதானேயிடம் போனாள்.

"யாரு தம்பி அது?"

"சுவத்துக்கு பெயின்ட் அடிக்கலாம்னு ஒரு யோசனை அக்கா. கூடம் பளிச்சுனு இருக்கணும், சரிதானே?"

அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். சுவருக்கு வர்ணம் அடிக்கிறவன் தரையை ஏன் அளக்கிறான்?

அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் ஏதோ ஒன்று தட்டுப்பட்டது. அவள் கை கழுவப் போனால் குழாயடியில் பேச்சு நின்றது. நின்ற பேச்சுக்குப் பதில் மழையைப் பற்றி ஒரு பேச்சு கிளம்பியது. தையல்காரி, வழக்கமாக மூச்சு விடாமல் பேசுகிறவள், "தலைவலிக்கா" என்று குனிந்துகொண்டாள். வேனிலிருந்து மூட்டை இறக்கிய இடத்தில் ஒரு நாள் மடித்த காகிதம் ஒன்று விழுந்து கிடந்தது. பிரித்தாள். சரிதானேயின் கையெழுத்து. அவரைத் தவிர எல்லோர் பெயரும் வரிசையாக இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு டிக். அவள் பெயர் கடைசியில். அதற்குப் பக்கத்தில் டிக் இல்லை, ஒரு கேள்விக்குறி. பேனாவை அழுத்திப் போட்டதில் காகிதம் பின்பக்கம் புடைத்திருந்தது.

ஆளைக் குறைக்கப் போகிறார்கள். டிக் விழுந்தவர்கள் தங்குவார்கள். கேள்விக்குறி வீட்டுக்குப் போகும். வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்?

காகிதத்தை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு சைரனிடம் போனாள். பதவி போனபின் அவர் பழையபடி மெஷினடியில்தான் நின்றார்.

"அண்ணே, இங்க என்னமோ நடக்குது. உங்களுக்குத் தெரியுமா?"

சைரன் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு மெதுவாக, குழந்தையைத் தூங்க வைக்கிற குரலில், "எனக்கென்னம்மா தெரியும்? நான் உண்டு, என் மெஷின் உண்டு" என்றார். அவள் வந்த வழியே திரும்பினாள். அந்த மனுஷன் மெதுவாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. சைரன் மெதுவாகப் பேசினால் எங்கோ பெரிய தீ பிடித்திருக்கிறது என்றுதான் பொருள்.

மிச்சம் இருந்தவன் பாய்லர்காரன். நீராவி போடும் அறையில் தனியாக இருப்பவன். நாற்பது வயது, நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அவன் யாரையும் ஒரு வேலை ஏவியதில்லை. ஆனால் தேநீர் குடித்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவன் எழுந்தால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். வாசலில் மழைத்தண்ணீர் தேங்கி, அவன் துடைப்பத்தை எடுத்தால் பின்னாலேயே மூன்று துடைப்பம் வரும். பதவியும் இல்லை, குரலும் இல்லை. இது என்ன மாயம் என்று அவன்மேலும் அவளுக்கு ஒரு கண் இருந்தது.

"அக்கா, நேரா போய் அவர்கிட்டயே கேட்டுடுங்க" என்றான்.

"கேட்டா பொய் சொல்லுவாரு."

"சொன்னா சொல்லட்டும். கேட்டாத்தானே தெரியும்?"

"உனக்கு என்ன தெரியும், அதைச் சொல்லு."

அவன் கந்தைத்துணியில் கையைத் துடைத்தான். "நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவர்கிட்ட போன மாசமே சொல்லிட்டேன்." அதோடு நீராவி அளக்கும் முள்ளைப் பார்க்கத் திரும்பிவிட்டான்.

ஆக, இவனும் உடந்தை.

அவள் கணவர் குழாய் ரிப்பேர் செய்கிறவர். யார் எதைச் சொன்னாலும் நம்புகிற மனுஷன். "உனக்குச் சந்தேகம் வராத ஆள் ஒருத்தராவது உண்டா?" என்று அவர் கேட்டால், "நீங்கதான். அதுவும் எல்லா நாளும் இல்ல" என்பாள். அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலை அவர் சட்டையைத் துவைக்க எடுத்தபோது முழங்கைப் பக்கம் சாம்பல் நிறத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. விரலால் உருட்டினாள், சின்ன உருண்டையாகத் திரண்டது. உலர்த்தும் மெஷினுக்குப் பின்னால் மட்டும் படிகிற தூசி அது. இருபத்தாறு வருஷமாக அவள் மூச்சோடு உள்ளே போன தூசி.

"நேத்து எங்க வேலை?" என்று சாதாரணமாகக் கேட்டாள்.

"பள்ளிக்கூடத்துல. குழாய் ஒழுகுது."

"நாள் பூராவுமா?"

"பெரிய ஒழுக்கு" என்றார் அவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் லீவு போட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் இல்லாத நேரத்தில் இவர் கூடத்துக்கு வந்திருக்கிறார். ஏன்? அவள் ஒன்றும் பேசவில்லை. பஞ்சு உருண்டையைக் காலித் தீப்பெட்டியில் போட்டு, துணி அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தாள். கட்டின புருஷனுக்கு எதிராகச் சாட்சி சேர்க்கிறோமே என்று ஒரு கணம் கூசியது. இருந்தாலும் எடுக்கவில்லை.

மாதக் கூட்டம் வந்தது. நாற்காலி வட்டம், தேநீர் எல்லாம் வழக்கம்போல. சரிதானே தொண்டையைச் செருமி, "இன்னிக்கு ஒரு முக்கியமான விஷயம்..." என்று ஆரம்பித்தார். அவள் எழுந்துவிட்டாள். காகிதத்தை எடுத்து உயர்த்திக் காட்டினாள்.

"அதுக்கு முன்னால எனக்கு ஒரு பதில் வேணும். இதுல எல்லார் பேருக்கும் டிக் இருக்கு. எனக்கு மட்டும் கேள்விக்குறி. என்னை என்னிக்கு வீட்டுக்கு அனுப்பறதா உத்தேசம்?"

சரிதானேயின் முகம் வெளுத்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. கடைசியில் தையல்காரிதான் தாங்க முடியாமல் வாயைத் திறந்தாள்.

"ஐயோ அக்கா, உங்களை அனுப்பறதுக்கு இல்ல. டிக் போட்டவங்களுக்கெல்லாம் விஷயத்தைச் சொல்லியாச்சு. உங்ககிட்ட யாரு போய்ச் சொல்றதுன்னுதான் கேள்விக்குறி!"

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். பிறகு எல்லாம் வெளியே வந்தது. இஸ்திரியும் போட்டு மடித்தும் தருகிற புது மெஷின் ஒன்று வாங்க ஏற்பாடு. மடிக்கும் மேஜைகளை எடுத்துவிட்டு அதை அங்கே நிறுத்துவதாகத் திட்டம். அளக்க வந்தவன் மெஷின் கம்பெனி ஆள். மடிக்கும் நாலு பெண்களுக்கு வேறு வேலை கொடுப்பதாகச் சரிதானே தனித்தனியாகப் பேசிச் சம்மதம் வாங்கியிருந்தார். எல்லா மாதமும் அப்படித்தானாம். கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரையும் வேனில் ஏற்றிக்கொண்டோ, குழாயடியில் நிறுத்தியோ பேசி முடித்துவிடுவார். கூட்டத்தில் கை மட்டும்தான் உயரும். அவளிடமும் அப்படித்தான் ஜன்னல் வலையைப் பற்றி ஒரு நாள் பேசினார் என்பது இப்போது நினைவுக்கு வந்தது.

"நீராவிக் குழாயும் தண்ணி போற வழியும் பார்க்கணும்னு உங்க வீட்டுக்காரரைத்தான் கூப்பிட்டோம்" என்றாள் தையல்காரி, சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்ட பதற்றத்தில் மேலும் சொல்லிக்கொண்டு. "அவர்தான், 'நானும் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லாதீங்க'ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு."

பூதக்கண்ணாடி காகிதத்தை மடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் மோப்பம் பிடித்ததில் ஒன்றுகூடத் தப்பில்லை. மறைத்தார்கள், பேசிவைத்தார்கள், புருஷன் உட்பட எல்லோரும் உடந்தை. ஆனால் ஊரிடமிருந்து மறைக்கவில்லை. ஊரே சேர்ந்து அவள் ஒருத்தியிடமிருந்து மறைத்திருக்கிறது.

"ஏன்?" என்றாள். "நான் என்ன பண்ணினேன் உங்களுக்கு?"

சரிதானே முதல் தடவையாகச் 'சரிதானே' போடாமல் பேசினார். "உங்ககிட்ட மொதல்ல சொன்னா மேஜையில விரிச்சு ஓட்டை தேடுவீங்க அக்கா. நீங்க உதட்டைப் பிதுக்கினா போதும், பத்துப் பேர் பின்னாடி பிதுக்குவாங்க. அப்புறம் நான் எந்தக் காரியத்தைச் செய்ய? ஆஸ்பத்திரியில ரெண்டு தடவை சொல்லிட்டாங்க, துணி லேட்டாகுதுன்னு."

"நான் உதட்டைப் பிதுக்கினா பத்துப் பேரா? நான் என்ன தலைவியா?"

"இல்லியா பின்னே?" என்று சைரன் தன் சொந்தக் குரலுக்குத் திரும்பினார். "ஆறு வருஷம் நான் தொண்டை கிழியக் கத்தினேன். பாதிப் பேர் என் பேச்சுக்குப் பயந்தா வேலை செஞ்சாங்க? துணி உன் மேஜையிலிருந்து திரும்பி வந்துடுமேன்னுதான் செஞ்சாங்க. நானே ஒரு முடிவு எடுத்தா, மொதல்ல உன் முகத்தைத்தான் பார்ப்பேன்."

இது அவளுக்குத் தெரியாத செய்தி. அடுத்தவர் விரிப்பில் மயிரிழைக் கறையைக் கண்டுபிடித்தவளுக்குத் தன் பார்வை விழுந்த இடத்தில் ஆட்கள் சுருங்கினது தெரியாமல் போயிற்று. கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, "மெஷின் பேப்பரைக் குடுங்க" என்றாள்.

கொடுத்தார்கள். வட்டத்தை விட்டுப் போய்த் தன் மேஜையில் விளக்கைப் போட்டு, நாலு பக்கத்தையும் வரிவரியாகப் படித்தாள். கால் மணி நேரம் யாரும் அசையவில்லை. திரும்பி வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இதுக்கு இவ்வளவு நீராவி வேணும்னு போட்டிருக்கு. பழைய உருளையும் விடுதித் துணிக்கு ஓடணும். ரெண்டுக்கும் நம்ம பாய்லர் தாங்குமா?"

எல்லோரும் சரிதானேயைப் பார்த்தார்கள். சரிதானே தேநீரைப் பார்த்தார். அவள் பாய்லர்காரனைப் பார்த்தாள்.

"தாங்காது" என்றான் அவன். "போன மாசமே சொன்னேன்."

"பாத்துக்கலாம்னு நானும் சொன்னேனே," என்றார் சரிதானே, "போகப் போகப் பாத்துக்கலாம், சரிதானே?"

"சரியில்ல" என்றான் பாய்லர்காரன்.

இத்தனை நாளில் அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொன்னதில்லை. சைரன் குதித்து எழுந்து, "அப்படின்னா வாங்க வேணாம்! முடிஞ்சது! எழுந்திரிங்க!" என்றார். "நீங்க உக்காருங்கண்ணே" என்று நாலு பக்கமிருந்தும் குரல் வந்தது. மடிக்கும் பெண்களில் மூத்தவள், "எனக்குச் சம்மதமே இல்ல. ஆனா மத்தவங்கெல்லாம் சம்மதிச்சாச்சுன்னு சொன்னாரு, நானும் சரின்னுட்டேன்" என்றாள். "என்கிட்டயும் அதையேதான் சொன்னாரு!" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

பேச்சு அடங்கியபோது பத்தொன்பது ஜோடிக் கண்களும் பூதக்கண்ணாடியின் முகத்தில் வந்து நின்றன. அவள் உதடு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தன. சற்று முன்புவரை இந்தப் பார்வையை அவள் கவனித்திருக்கவே மாட்டாள். இப்போது அது முதுகில் ஏறின மூட்டை மாதிரி கனத்தது. பேப்பரை மடித்துப் பாய்லர்காரன் கையில் கொடுத்தாள். "என் மூஞ்சியைப் பார்க்காதீங்க. அவன் விளக்கமா சொல்லட்டும், கேட்டுட்டு அவங்கவங்க கையைத் தூக்குங்க" என்று சொல்லி, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் திரும்பவில்லை.

பாய்லரைச் சரிசெய்யும்வரை மெஷின் வேண்டாம் என்று பதினொரு கை, உடனே வேண்டும் என்று எட்டு. அவள் கை மடியில் இருந்தது. அந்தக் கூடத்தில் கைகள் ஏற்ற இறக்கமாக உயர்ந்தது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்குப் போனதும் தீப்பெட்டியைக் கணவர் முன்னால் திறந்து வைத்தாள். பஞ்சைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"உனக்குப் பயந்துதான் சொல்லல."

"நான் என்ன புலியா?"

"புலின்னா ஓடிடலாமே" என்றார் அவர். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. மூன்றாம் நாள், "நான் பாக்கிறது அவ்வளவு மோசமாவா இருக்கும்?" என்று கேட்டாள். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "துணியைப் பார்க்கிற மாதிரியே மனுஷனையும் பார்ப்பே. துணிக்கு ஒண்ணும் இல்ல, அது மடிஞ்சு கிடக்கும்" என்றார்.

எட்டு மாதத்தில் வேறு பாய்லர் வந்தது, அதற்குப் பிறகு மெஷினும் வந்தது. மடித்த பெண்களில் இரண்டு பேர் தையலுக்குப் போனார்கள், ஒருத்தி மூட்டை பிரிக்க வந்தாள். மூத்தவள் மட்டும் எதிலும் ஒட்டாமல் வேலையை விட்டுப் போனாள். போகும்போது பூதக்கண்ணாடியிடம் சொல்லிக்கொள்ளவில்லை. 'நீ உதட்டைப் பிதுக்கியிருந்தால் என் மேஜை தப்பியிருக்கும்' என்று அவள் நினைத்திருக்கலாம். இவளுக்கும் அந்த நினைப்பு அவ்வப்போது வந்து குத்தும். அடுத்த தேர்தலில் பாய்லர்காரனை நிற்கச் சொன்னார்கள். "பாய்லரை யாரு பாக்கிறது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டான். சரிதானேயே மூன்று ஓட்டு வித்தியாசத்தில் மறுபடி வந்தார். அவள் யாருக்குப் போட்டாள் என்று கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் சரிதானே அவள் மேஜையருகே வந்து நின்றார். வேன் போகும் வழியை மாற்றலாமா, ஆஸ்பத்திரிக்கு முதலில் போவதா விடுதிக்கு முதலில் போவதா என்று கேட்டார்.

"எனக்கு முன்னால யார்கிட்ட கேட்டீங்க தம்பி?"

"யார்கிட்டயும் இல்ல அக்கா. மொதல்ல உங்ககிட்டதான்."

அவள் நம்பவில்லை. அன்று மத்தியானம் தையல்காரியிடம் விசாரித்தாள், மூட்டை பிரிப்பவளிடம் விசாரித்தாள், சைரனிடமும் விசாரித்தாள். உண்மையாகவே யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அது அவளுக்கு இன்னும் பெரிய கவலையாகப் போயிற்று. மற்ற எல்லோரையும் விட்டுவிட்டு என்னிடம் மட்டும் ஏன் வருகிறார்? என் தலையாட்டலை வாங்கிக்கொண்டு போய் அதை வைத்து மற்றவர்களைச் சரிக்கட்டவா? மறுநாள் காலை நேராகப் போய், "தம்பி, என்கிட்ட தனியா ஒண்ணும் கேக்காதீங்க. எல்லாரையும் உக்கார வெச்சுக் கேளுங்க. முன்னாடியே யாரையும் பாத்துப் பேசாதீங்க" என்றாள்.

சரிதானே அப்படியே செய்தார். கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது. சைரன் இரண்டு தடவை கோபித்துக்கொண்டு வெளியே போய் இரண்டு தடவையும் திரும்பி வந்தார். தேநீர் ஆறிப்போயிற்று. முடிவு ஒன்றும் ஏற்படவில்லை. திங்கட்கிழமை மறுபடி பேசுவதாகச் சொல்லி, அப்போதும் வாக்குவாதம் செய்துகொண்டே, இரண்டு மூன்று பேராகக் கலைந்து போனார்கள்.